பணி ஓய்வுக்குப் பின் டேர்ம் பாலிசி: தொடர்வதா, விடுவதா?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவு அறிக்கை வாசித்து முடிந்த களைப்பில் இருக்கும் உங்கள் முன் மீண்டும் ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். பொறுத்தருள வேண்டும். நமது மஹல்லாவில் வளைகுடா நாடுகளிலிருந்து நிரந்தரமாகத் திரும்பிய சகோதரர்களும், அரசுப் பணியிலும் தனியார் பணியிலும் ஓய்வு பெற்றவர்களும் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். அவர்களில் பலரிடம் ஒரு டேர்ம் பாலிசி இருக்கிறது. சம்பளம் வந்துகொண்டிருந்த காலத்தில் பிரீமியம் கட்டியது தெரியவில்லை. வருமானம் குறைந்த பிறகு ஆண்டுக்கொரு முறை அந்த அறிவிப்பு வரும்போது கை தயங்குகிறது. இதைத் தொடர வேண்டுமா, விட்டுவிடலாமா என்பதே கேள்வி.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். டேர்ம் பாலிசி என்பது சேமிப்பு அன்று. குறிப்பிட்ட காலத்திற்குள் பாலிசிதாரர் மரணித்தால் குடும்பத்திற்கு ஒரு தொகை கிடைக்கும். காலம் முடியும் வரை உயிரோடு இருந்தால் ஒன்றும் கிடையாது. எண்டோமென்ட், மணிபேக் போன்றவற்றின் கணக்கு வேறு. அவற்றை இடையில் நிறுத்தினாலும் ஏதேனும் ஒரு தொகை நிற்கும். சாதாரண டேர்ம் பாலிசியில் பிரீமியத்தை நிறுத்தினால் காப்பும் அத்துடன் நின்றுவிடும். கட்டிய பிரீமியத்தை இறுதியில் திருப்பித் தரும் வகையும் இருக்கிறது. ஆயின் அதற்காகவே கூடுதலாக வாங்கிய பணத்தைத்தான் திருப்பித் தருகிறார்கள் என்பதை நாம் உணர வேண்டும். ஆகவே உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்பதைப் பத்திரத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிரீமியம் கட்டும் காலம் ஏற்கெனவே முடிந்து, காப்பு மட்டும் தொடரும் வகையைச் சிலர் வைத்திருப்பார்கள். அவர்களுக்கு முடிவெடுக்க ஒன்றுமில்லை, பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

“பதினைந்து வருடம் கட்டிவிட்டேனே, இப்போது விட்டால் அத்தனையும் வீண்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பதினைந்து வருடப் பணத்திற்கான பயன் அந்தப் பதினைந்து வருடங்களிலேயே கிடைத்துவிட்டது. அன்று நாம் மரணித்திருந்தால் குடும்பம் தெருவில் நின்றிருக்காது. அதுவே அந்தப் பயன். எனவே கட்டிய பணத்தை எண்ணி ஒருவர் பாலிசியைத் தொடர்வது முறையான காரணம் ஆகாது. இனிமேல் கட்டப்போகும் பணத்தையும், இனிமேல் தேவைப்படும் பாதுகாப்பையும் மட்டுமே தராசில் வைக்க வேண்டும்.

அதே வேளையில் இதற்கு எதிர்த் திசையில் ஓர் உண்மை இருக்கிறது. பெரும்பாலான டேர்ம் பாலிசிகளில் பிரீமியம் ஆரம்பம் முதல் இறுதி வரை ஒரே தொகைதான். மரணத்தின் வாய்ப்போ வயதுக்கேற்ப ஏறிக்கொண்டே போகிறது. அப்படியானால் இளமையில் தேவைக்குச் சற்று அதிகமாகக் கட்டியிருக்கிறோம், முதுமையில் தேவைக்குக் குறைவாகக் கட்டுகிறோம் என்றாகிறது. 43 வயதில் எடுத்த பாலிசியின் பிரீமியம் 62 வயதில் மலிவான ஒன்று. அதே காப்பை 62 வயதில் புதிதாகக் கேட்டால் பல மடங்கு தொகை சொல்வார்கள். மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் தெரிந்தால் தர மறுக்கவும் கூடும். மேலும் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், மூன்று ஆண்டுகள் கடந்த ஆயுள் காப்பீட்டை எந்தக் காரணம் கூறியும் நிறுவனம் கேள்விக்குள்ளாக்க இயலாது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு கூறுகிறது. பழைய பாலிசிக்கு இது ஒரு பெரிய பலம். பழையதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுங்கள் என்று யாரேனும் வீடு தேடி வந்து கூறினால், அதில் யாருக்கு ஆதாயம் என்று யோசித்துப் பாருங்கள். விடுவது எளிது, திரும்பப் பெறுவது கடினம் என்பதால் அவசரத்தில் விடுவதும் கூடாது.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். என் மூச்சு நின்றால் எந்த வருமானம் நிற்கும்? யாருக்கு நிற்கும்? இதற்கு விடை எழுதினால் பாதி முடிவு கிடைத்துவிடும்.

பழைய ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் ஓய்வு பெற்ற அரசு ஊழியருக்குக் கடைசி ஊதியத்தில் பாதி அளவு ஓய்வூதியம் கிடைக்கிறது. அவர் மறைந்தபின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. முதலில் சில ஆண்டுகள் கூடுதல் விகிதத்திலும், அதன்பின் கடைசி ஊதியத்தில் 30 சதவீதமாகவும், அகவிலைப்படியோடு வரும். இவர்களுள் பலருக்கு, கடன் இல்லாத நிலையில், டேர்ம் பாலிசி அவசியமில்லை என்றே கருதுகிறேன். தனியார் நிறுவனங்களில் இருந்து வருங்கால வைப்பு நிதி அமைப்பின் 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் நிலை வேறு. ஓய்வூதியமே சொற்பம், விதவைக்கு அதில் பாதி. பணியில் இருந்தபோது அலுவலகம் எடுத்திருந்த குழுக் காப்பீடு, பணி முடிந்த அன்றே முடிந்துவிடும். அந்த அமைப்பின் காப்பீட்டுத் திட்டம் தரும் 7 லட்சம் வரையிலான தொகையும் பணியில் இருக்கும்போது மரணித்தவரின் குடும்பத்திற்கு மட்டுமே. வங்கியில் ஆண்டுக்கு 436 ரூபாய் பிடித்து 2 லட்சம் தரும் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டமும் 55 வயதோடு நின்றுவிடுகிறது. அது வாழ்நாள் முழுவதும் இருக்கும் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் நம்மில் பலர்.

வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களுக்கு இவற்றுள் பெரும்பாலும் எதுவுமே கிடையாது. எனவே அவர்களைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

ஒரு சகோதரரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், கணக்கிற்காக நானே அமைத்த குடும்பம் இது. அவருக்கு வயது 58, மனைவிக்கு 49. பெற்றோர் இல்லை. இரண்டு மகன்கள் சம்பாதிக்கிறார்கள், ஒரு மகள் இன்னும் படிக்கிறார். ஊரில் இரண்டு கடைகளின் வாடகை மாதம் 18,000 ரூபாய். தாம் நடத்தும் சிறு மளிகைக் கடையில் மாதம் 15,000 ரூபாய் நிற்கிறது. வீட்டுக்கு வாங்கிய வங்கிக் கடனில் 9 லட்சம் பாக்கி. உடன்பிறந்தவரிடம் கைமாற்றாக வாங்கியது 4 லட்சம். 15 ஆண்டுகளுக்கு முன் எடுத்த 50 லட்ச ரூபாய் டேர்ம் பாலிசி 70 வயது வரை இருக்கிறது. பிரீமியம் ஆண்டுக்கு 21,000 என்று வைத்துக்கொண்டால், மீதமுள்ள 12 ஆண்டுகளுக்கு 2,52,000 ரூபாய்.

பொதுவான கணக்குப் புத்தகங்கள் என்ன சொல்லும்? கணவர் மறைந்தாலும் வாடகை வருகிறது, மகன்கள் இருக்கிறார்கள், பிரச்சினை இல்லை என்று சொல்லும். நமது வாரிசுரிமைச் சட்டத்தை அறிந்தவர் அப்படிச் சொல்ல இயலாது. சூரத்துந் நிஸாவின் 11, 12ஆம் வசனங்களின்படி, வஸிய்யத்தும் கடனும் தீர்ந்த பின்பே பங்குகள். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. அந்த 18,000 ரூபாய் வாடகையில் மனைவியின் ஹக்கு 2,250 ரூபாய். மகளுக்கு 3,150. மகன்களுக்குத் தலா 6,300. மளிகைக் கடை வருமானம் அவரோடு நின்றுவிட்டது. தாய்க்கும் மகளுக்கும் சேர்ந்து உரிமையாக வருவது 5,400 ரூபாய், வீட்டுச் செலவோ 22,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பற்றாக்குறை 16,600. இதற்கு முன்னதாக 13 லட்சம் கடனை அடைக்க ஒரு கடையையே விற்க நேரலாம். அப்போது வாடகையும் குறையும். கடன் என்று பேசும்போது, கொடுக்காமல் நிலுவையில் இருக்கும் மஹரும் கடனே என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதை மறந்துவிடுகிறோம்.

மகன்கள் தாயைப் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்பீர்கள். பார்ப்பார்கள், பார்ப்பது அவர்கள் கடமையும்கூட. எனினும் 49 வயதுப் பெண்மணி இன்னும் முப்பது ஆண்டுகள் மருமகள்களின் கையை எதிர்பார்த்து வாழ்வதும், தமக்கென ஒரு வருமானத்தோடு வாழ்வதும் ஒன்றல்ல. திரைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த 50 லட்சம் வந்தால் 13 லட்சம் கடன் தீரும். மீதி 37 லட்சம், அந்த 16,600 ரூபாய்ப் பற்றாக்குறையை, விலைவாசி உயர்வையும் முதலீட்டு வருவாயையும் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், ஏறத்தாழ 18 ஆண்டுகள் தாங்கும். ஆகவே இன்றைய நிலையில் இந்தச் சகோதரர் 21,000 ரூபாய்க்காகப் பாலிசியை விடுவது சரியன்று என்பது என் கருத்து.

இனி ஐந்து ஆண்டுகள் கழித்து அதே குடும்பத்தைப் பாருங்கள். வங்கிக் கடன் முடிந்தது, கைமாற்றும் தீர்ந்தது. மகளுக்குத் திருமணமாகிவிட்டது. மளிகைக் கடையை இளைய மகன் எடுத்துக்கொண்டார். இரண்டு வாடகைக் கடைகளில் ஒன்றைத் தம் வாழ்நாளிலேயே மனைவிக்கு ஹிபாவாகக் கொடுத்துவிட்டார். இப்போது அவர் மறைந்தால் புதிதாக நின்றுபோகும் வருமானம் என்ன? ஏறக்குறைய ஒன்றுமில்லை. மனைவிக்குத் தம் பெயரிலேயே வாடகை வருகிறது. அந்நிலையில் 63 வயதில் பாலிசியை விடலாம். விட்ட பணத்தை மருத்துவக் காப்பீட்டுக்கோ, மருந்துச் செலவுக்கோ திருப்பலாம். பாலிசி 70 வயது வரை என்று எழுதியிருப்பதால் 70 வரை கட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

ஹிபா பற்றி ஒரு வார்த்தை. கொடுப்பதாக அறிவித்தல், பெறுபவர் ஏற்றுக்கொள்ளுதல், கைவசம் ஒப்படைத்தல் என்னும் மூன்றும் நிறைவேற வேண்டும். எழுதி பீரோவில் வைத்துவிட்டு வாடகையைத் தாமே வாங்கிக்கொண்டிருந்தால் அது பின்னாளில் வழக்குக்கு இடமளிக்கும். வாடகைதாரர் இனி அம்மாவிடம் வாடகை கொடுக்கட்டும். ரசீதும் அவர் பெயரில் இருக்கட்டும். மரண நோயில் படுத்தபின் கொடுக்கும் ஹிபா, வஸிய்யத்தின் கட்டுப்பாடுகளுக்குள் வந்துவிடும் என்பதால் உடல்நலத்தோடு இருக்கும்போதே செய்ய வேண்டும். பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டுச் செய்வது நல்லது. பல வீடுகளில் மனக்கசப்பு ஏற்படுவது கொடுத்ததால் அன்று, மறைத்துக் கொடுத்ததால்.

சில குடும்பங்களில் கணக்கே வேறு. மாற்றுத்திறனாளியான பிள்ளை இருந்தால் தந்தையின் பொறுப்பு ஓய்வு வயதோடு முடிவதில்லை. அத்தகையோர் கூடுமான வரை பாலிசியைத் தொடர்வதே நலம். மகனின் தொழிலுக்காக வங்கியில் ஜாமீன் கையெழுத்துப் போட்ட தந்தையரும் யோசிக்க வேண்டும். ஜாமீன்தாரர் மரணித்தால், அதுவரை வழங்கப்பட்ட கடனுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து பொறுப்பாகும். மகளின் பங்கும் மனைவியின் பங்கும் அதில் அடிபட்டுப் போகும். மகனுக்குப் போட்ட கையெழுத்து மகளின் ஹக்கைத் தின்பது எந்த வகை நியாயம்? ஜாமீன் நிலுவையில் இருக்கும் வரை பாலிசியும் இருக்கட்டும்; அல்லது, அதைவிட மேலாக, வங்கியில் பேசி ஜாமீனிலிருந்து விடுபடுங்கள்.

ஆலிம் பெருமக்கள் அமர்ந்திருக்கும் சபையில் மார்க்கத் தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. தெரிந்த ஒன்றை மட்டும் எடுத்துரைக்கிறேன். இஸ்லாமிய நாடுகள் கூட்டமைப்பைச் சார்ந்த சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1985ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடியபோது, நிலையான பிரீமியம் வாங்கும் வணிகக் காப்பீட்டு ஒப்பந்தம் பெரும் நிச்சயமின்மையைக் கொண்டிருப்பதால் கூடாது என்றும், பரஸ்பர ஒத்துழைப்பின் அடிப்படையில் அமைந்த காப்பீடு அதற்கு மாற்று என்றும் தீர்மானித்தது. மலேசியாவில் 1984ஆம் ஆண்டே தகாஃபுலுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. நம் நாட்டில் அத்தகைய ஆயுள் காப்பீட்டு நிறுவனம் இல்லை. இந்நிலையில் தேவையைக் கருதிப் பாலிசி எடுத்தவர்களும் உண்டு, பேணுதலாக விலகி நின்றவர்களும் உண்டு. இரு சாராரையும் நான் மதிக்கிறேன். தேவையை முன்னிட்டு எடுத்தேன் என்று கூறுபவர், அந்தத் தேவை தீர்ந்த நாளில் தம் காரணமும் தீர்ந்துவிட்டதா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது கடமை என்று கருதுகிறேன். பிள்ளைகளுக்கு ஒரு பெருந்தொகை விட்டுச்செல்லலாமே என்ற ஆசைக்காக மட்டும் முதுமையில் தொடர்பவர், தம் ஊர் ஆலிமிடம் ஒரு முறை ஆலோசித்துக்கொள்ளட்டும்.

நாமினி விஷயம் பலரும் கவனிக்காதது. 43 வயதில் தாயின் பெயரைப் போட்டிருப்போம். அந்தத் தாய் மறைந்து பல ஆண்டுகளாகியும் பெயர் மாறாமல் இருக்கும். உடனே மாற்ற வேண்டும். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கே என்று உச்ச நீதிமன்றம் 1984ஆம் ஆண்டு சர்பதி தேவி வழக்கில் தீர்ப்பளித்தது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகையின் பயன் அவர்களுக்கே உரியது என்று 39ஆம் பிரிவில் சேர்க்கப்பட்டது. சட்டம் அப்படி இருப்பினும், மார்க்கப்படி அந்தத் தொகை எவ்வாறு பங்கிடப்பட வேண்டும் என்பது தனிக் கேள்வி. அதையும் இப்போதே ஆலிமிடம் கேட்டு எழுதி வைத்துவிட்டால், ஜனாஸா எடுத்த மூன்றாம் நாள் சகோதரர்களுக்குள் வாக்குவாதம் எழாது.

இங்கே இளைஞர்களுக்கு ஒரு செய்தி. 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின் கீழ், மனைவி மக்களின் நன்மைக்கென ஒருவர் தம் ஆயுள் மீது எடுக்கும் பாலிசி ஒரு டிரஸ்டாகக் கருதப்படும். கடன்காரர்கள் அதில் கை வைக்க இயலாது. இப்பிரிவு முஸ்லிம்களுக்கும் பொருந்தும். சென்னை மாகாணத்தில் 1913ஆம் ஆண்டு டிசம்பர் 31க்குப் பின் எடுத்த பாலிசிகளுக்கே பொருந்தும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. நாட்டின் ஏனைய பகுதிகளுக்கு அது 1923இல்தான் வந்தது. நூறாண்டுக்கு மேலான உரிமை, நம்மில் எத்தனை பேர் பயன்படுத்தியிருக்கிறோம்? பாலிசி எடுக்கும்போதே இதை எழுதிக்கொடுக்க வேண்டும். ஓய்வு பெற்றவர்களின் பழைய பாலிசிக்கு இனி இது உதவாது.

பாலிசியை விடுவது என்று முடிவு செய்தவர்கள், விடுமுன் பத்திரத்தை முழுவதும் படித்துப் பாருங்கள். அண்மை ஆண்டுகளில் விற்ற சில டேர்ம் பாலிசிகளில், குறிப்பிட்ட வயதில் விலகினால் கட்டிய பிரீமியத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு இருக்கிறது. ஓராண்டு பொறுத்திருந்தால் கிடைக்கும் பணத்தை அவசரப்பட்டு இழக்க வேண்டாம். சில நிறுவனங்கள் காப்புத் தொகையைக் குறைத்துப் பிரீமியத்தையும் குறைத்துக்கொள்ள அனுமதிக்கின்றன. 50 லட்சம் தேவையில்லை, 20 லட்சம் போதும் என்பவர்கள் எழுதிக் கேட்கலாம். தொடர்பவர்களுக்கு ஒரு நற்செய்தி: 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்தின் மீது இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி நீக்கப்பட்டுவிட்டது. உங்களுக்கு வரும் பிரீமிய அறிவிப்பில் அது நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

தொடர்வதாக முடிவு செய்தும், தம்மையறியாமல் பாலிசியை இழப்பவர்கள் இருக்கிறார்கள். வளைகுடாவில் இருந்தபோது என்ஆர்ஈ கணக்கிலிருந்து பிரீமியம் தானாகப் போய்க்கொண்டிருக்கும். ஊருக்கு நிரந்தரமாக வந்தபின் அந்தக் கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றியே ஆக வேண்டும், அது அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதி. மாற்றும்போது பழைய உத்தரவு நின்றுவிடலாம். அறிவிப்போ பழைய வெளிநாட்டு அலைபேசி எண்ணுக்குப் போகும். ஆண்டுப் பிரீமியத்திற்கு 30 நாள், மாதப் பிரீமியத்திற்கு 15 நாள் அவகாசம். அது கடந்தால் பாலிசி காலாவதி. ஐந்து ஆண்டுகளுக்குள் புதுப்பிக்கலாம் என்றாலும், உடல்நலச் சான்று கேட்பார்கள். அறுபது வயதில் அது எல்லோருக்கும் எளிதன்று. ஆகவே வங்கிக் கணக்கை மாற்றும் அதே நாளில் காப்பீட்டு நிறுவனத்திற்கும் புதிய கணக்கு, புதிய முகவரி, புதிய அலைபேசி எண் ஆகியவற்றை எழுதிக்கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பாலிசி இருப்பதை வீட்டில் சொல்லுங்கள். பத்திரம் எங்கே இருக்கிறது, எந்த நிறுவனம், எண் என்ன என்பதை மனைவியும் மூத்த பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும். பத்து ஆண்டுகள் யாரும் கேட்டு வராத காப்பீட்டுத் தொகை மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போய்விடுகிறது. கடன்களின் பட்டியலையும், யார் யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வரவேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள்.

பத்திரத்தில் உள்ளதைப் படித்து விளங்கிக்கொள்வதில் சிரமம் இருப்பவர்கள் வரும் ஞாயிறு இஷாவுக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்திற்குப் பத்திரத்தின் நகலோடு வரலாம். வங்கிப் பணியில் ஓய்வு பெற்ற நம் சகோதரர்கள் இருவர் உதவ இசைந்திருக்கிறார்கள். அசல் பத்திரத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம். சகோதரிகள் தம் கணவரோடோ மகனோடோ வந்து தாமே நேரில் கேட்டறியலாம். அவர்களுக்கெனத் தனி இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.